விரலும் விரைவும்

சென்ற ஆண்டு விழாவில், நம் சங்க மேடையில் கிதார் வாசித்த சிறுவன் ஒருவன் பாதியில் தடுமாறி நின்றதை அன்பர்கள் சிலர் மறந்திருக்க மாட்டார்கள். அவன் நம் மூத்த மகன். அன்றிரவே கிதாரைப் பரணில் ஏற்றிவிட்டு, "என் விரல்கள் இதற்கு ஆகாதவை, அப்பா" என்றான். தாராவியில் ஓரறை வீட்டில் வாழும் நாம் சிறுகச் சேர்த்து வாங்கிய கருவி அது. எனினும் நம்மை வருத்தியது பணமன்று. பன்னிரண்டு வயதில் அவன் தனக்குத் தானே அளித்துக்கொண்ட தீர்ப்பே.

குறை விரலில் இல்லை. பழகிய முறையில் இருந்தது. விரைந்து பழகுவோனுக்குப் பிழையும் சேர்ந்தே பழகிவிடுகிறது.

அவன் அன்னை, மாட்டுங்காவில் தான் சிறுமியாய்க் கற்ற சரளி வரிசையை நினைவூட்டினாள். முதற்காலத்தில் தாளத்தின் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம். இரண்டாம் காலத்தில் இரண்டு. மூன்றாம் காலத்தில் நான்கு. தாளம் போடும் கையோ விரைவதே இல்லை. இம்முறையையே கிதாருக்குக் கொண்டோம். நிமிடத்திற்கு 60 தட்டு. ஆள்காட்டி விரல் முதல் சுண்டுவிரல் வரை நான்கும் அடுத்தடுத்த நான்கு மெட்டுகளில் முறையே பதிய வேண்டும். பிழையற வந்த பின்னரே 64. கை இறுகினாலும் வலித்தாலும் ஓய்வு.

விரலைத் தந்தியினின்று உயரத் தூக்காதிருத்தலும் இன்றியமையாதது. ரயில்வே எழுத்தராகிய நாம் அறிந்த உவமை ஒன்றுண்டு. விரைவு லோகலும் மெது லோகலும் ஒரே வகை வண்டிகளே. விரைவு வண்டி மாட்டுங்காவிலும் சயானிலும் நில்லாமையால் குர்லாவை முந்தி அடைகிறது. வீண் அசைவை விடுத்த விரலும் அவ்வாறே முந்தும்.

மின் மாண்டலினில் கர்நாடக இசையை மின்னலென வாசித்த யு. ஸ்ரீநிவாஸ் (1969–2014) அவர்களுக்குக் குரு சுப்பராஜு பாடியே கற்பித்தார். கேட்டதைச் சிறுவர் கருவியில் வாசித்தார். உள்ளத்தில் தெளிவாகப் பதியாததை விரல் மட்டும் விரைந்து வாசித்துவிடாது.

பரணிலிருந்து இறங்கிய கிதார் இன்று நாள்தோறும் இருபது நிமிடம் ஒலிக்கிறது. மகன் 88-ஐ எட்டியுள்ளான். மீண்டும் மேடையேற இன்னும் இசையவில்லை, நாமும் வற்புறுத்தவில்லை.

பதறாத காரியம் சிதறாது என்பர். "எனக்கு ஆகாது" என்று பிள்ளை சொல்லுமாயின், அன்பர்களே, முதலில் வேகத்தைக் குறைத்துப் பாருங்கள்.