எழுத்து இருந்தால் போதுமா?

"எழுத்து இருக்கிற மொழி சாகாதுங்க." இலக்கியக் கூட்டங்களில் இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன மாதம் ஒரு நண்பர் இதற்குச் சாட்சியாகச் செரோக்கி மக்களையே கூட்டிக்கொண்டு வந்தார். திரையில் சீக்வோயாவின் படம். தனியொரு மனிதர் எழுத்தை உருவாக்கித் தன் மொழியைக் காப்பாற்றிவிட்டாராம். "இப்ப ஐபோன்லகூட இருக்கு" என்றதும் கைத்தட்டல் வேறு. எனக்கு எரிச்சல்தான் வந்தது.

சீக்வோயா பெரிய ஆள்தான், அதில் பேச்சே இல்லை. வெள்ளி வேலை செய்தவர், ஆங்கிலம் வாசிக்கத் தெரியாதவர். பல ஆண்டுகள் மண்டையை உடைத்துக்கொண்டு 1821இல் தன் மொழிக்கு எழுத்துமுறையை முடித்தார். அசைக்கு ஓர் எழுத்து, இன்றைய கணக்கில் 85. உயிர்மெய்யோடு வளர்ந்த நமக்கு இது சட்டென்று பிடிபடும். ஆங்கில எழுத்துகள் சிலவற்றின் உருவத்தை மட்டும் எடுத்துக்கொண்டார், ஒலியைச் சட்டையே செய்யவில்லை. ஜி, டபிள்யூ, ஒய் மாதிரி தெரிகிற மூன்றையும் சேர்த்து வாசித்தால் 'ஜலகி'. செரோக்கி என்பதற்கு அவர்கள் மொழியில் அதுதான் பெயர்.

சில ஆண்டுகளிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்துப் பெருவாரியானவர்கள் வாசிக்கத் தொடங்கிவிட்டார்கள். 1827இல் அரசியல் சாசனம். 1828இல் நியூ எக்கோட்டாவிலிருந்து 'செரோக்கி பீனிக்ஸ்' என்ற இருமொழிச் செய்தித்தாள். நாகரிகமான மக்கள் என்று ஒப்புக்கொள்ள வெள்ளையர் என்னென்ன கேட்டார்களோ அத்தனையும் செய்தார்கள். கறுப்பின அடிமைகளை வைத்துக்கொள்வது உட்பட. (கொண்டாடுகிறவர்கள் இந்த இடத்தில் இருமுவார்கள்.) ஜார்ஜியா மாநிலச் சட்டம் செரோக்கி நிலத்தில் செல்லாது என்று 1832இல் அமெரிக்க உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொன்னது.

அப்புறம்? 1835இல் ஜார்ஜியாவின் காவல்படை அச்சு இயந்திரத்தைத் தூக்கிக்கொண்டு போனது. 1838இல் ராணுவம் வந்தது. ஏறக்குறைய 16,000 பேரை வீட்டைவிட்டு இழுத்து, இன்றைய ஓக்லஹோமாவுக்கு விரட்டினார்கள். முகாமிலும் வழியிலும் இறந்தவர்கள் 4,000 பேர் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. அந்த மண்ணில் தங்கம் கிடைத்திருந்தது. செய்தித்தாள் நடத்துகிற இனமாச்சே என்று யாரும் தயங்கவில்லை.

இன்னொன்றையும் மேடையில் சொல்ல மாட்டார்கள். 1851இல் புதிய மண்ணில் செரோக்கி அரசு தன் சொந்தப் பணத்தில் பெண்களுக்கு ஓர் உயர்பள்ளி திறந்தது. லத்தீன் உண்டு, கணிதம் உண்டு. செரோக்கி மொழி மட்டும் பாடத்தில் இல்லை! எழுத்து வந்து முப்பது வருடம்கூட முழுதாக ஓடி முடிந்ததுதான் மிச்சம். மேட்டுக்குடி வீடுகளில் ஆங்கிலம்தான் கௌரவம். பிறகு வந்த உறைவிடப் பள்ளிகளில் தாய்மொழி பேசிய பிள்ளைகளுக்குத் தண்டனை. 1907இல் ஓக்லஹோமா மாநிலமானபோது செரோக்கி அரசாங்கமும் போனது.

இன்று செரோக்கி நேஷனில் பதிவு செய்தவர்கள் நாலரை லட்சத்துக்கும் மேல். மொழியைத் தாய்மொழியாகச் சரளமாகப் பேசுகிறவர்கள் 2,000 பேருக்கும் குறைவு, பெரும்பாலும் முதியவர்கள். 2019இல் மூன்று செரோக்கி அரசுகளும் சேர்ந்து மொழிக்கு அவசரநிலை அறிவித்தன. யூனிகோடில் எழுத்து ஏறி இருபது வருடம் ஆன பிறகு! ஐபோனில் அந்த எழுத்தைக் காட்டிப் பெருமைப்பட்ட நண்பருக்கு இது தெரியுமா, தெரிந்தும் விட்டுவிட்டாரா?

"அப்ப எழுத்தே வேணாம்ங்கிறியா?" என்று கேட்பீர்கள். அப்படியில்லை. 2001இல் டாலக்வா நகரில் சிறு பிள்ளைகளுக்கு முழுக்க முழுக்கச் செரோக்கியிலேயே நடத்தும் பள்ளி தொடங்கியபோது பாடப்புத்தகம் எழுத அதே 85 எழுத்துதான் உதவியது. ஆனால் அந்தப் பிள்ளைகளோடு நாள் முழுக்கப் பேசுவதற்கு ஆசிரியர்கள் வேண்டியிருந்தது. அதற்கு ஆள் கிடைப்பதுதான் திண்டாட்டம். பெரியவர்களுக்கு இரண்டு வருட முழுநேரப் படிப்பு ஒன்றும் நடத்துகிறார்கள். வேறு வேலைக்குப் போகாமல் மொழியை மட்டும் பழக வேண்டும், அதற்குச் சம்பளம் கொடுக்கிறார்கள். முதியவர் ஒருவர் பேசப் பேசத் திருப்பிச் சொல்லி, தப்புவிட்டு, மறுபடி சொல்லி.

நண்பர் அடுத்த கூட்டத்திலும் படம் காட்டுவார். சீக்வோயா கொஞ்சம் ஓய்வெடுக்கட்டும், அந்த வகுப்பறையைக் காட்டச் சொல்லுங்கள்.