வாயுவா, சூடா, வேறு ஏதாவதா?

விரல் மூட்டெல்லாம் வலிக்கிறது என்று வீட்டில் ஒரு பெண் சொன்னால், 'வாயுவாயிருக்கும், பூண்டு சேர்த்துக்கோ' என்கிறோம். வாயில் புண் என்றால் 'சூடு'. தலைமுடி கொத்தாகக் கையோடு வந்தால், 'வெள்ளிக்கிழமை எண்ணெய் தேய்ச்சுக் குளிச்சாத்தானே!' கன்னத்தில் நிறம் மாறிப் படர்ந்தால் 'மங்கு'. காலையில் எழுந்திருக்கவே முடியாத அசதி என்றாலோ, அதற்கு ஒரு பெயர்கூட வைப்பதில்லை. 'இந்தக் காலத்துப் பொண்ணுங்களுக்கு உடம்பு வணங்கறதில்லை' என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் பெரும்பாலானவை சாதாரணத் தொந்தரவுகள்தான். ஆனால் இவை எல்லாம் ஒரே பெண்ணிடம், சில மாதங்களுக்குள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தால்? அப்போது ஐந்து பதில்கள் போதாது. ஒரே ஒரு கேள்வி கேட்க வேண்டும்: 'இவை எல்லாம் சேர்ந்து ஒரே நோயோ?'

அப்படிக் கேட்க வேண்டிய நோய் ஒன்றைப் பற்றித்தான் இந்த இதழில் சொல்லப் போகிறேன். அதன் பெயர் லூபஸ். டாக்டர்கள் 'எஸ்.எல்.இ.' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். லத்தீன் மொழியில் லூபஸ் என்றால் ஓநாய். முகத்தில் வரும் புண் ஓநாய் கடித்தது போலிருப்பதாக அந்தக் காலத்து ஐரோப்பிய வைத்தியர்களுக்குத் தோன்றியிருக்கிறது!

வேலியே பயிரை மேய்வது என்பார்களே, அதுதான் இந்த நோய். கிருமிகளிடமிருந்து நம்மைக் காப்பதற்காக உடம்பில் ஒரு காவல் சக்தி இருக்கிறது. அது வழி தவறி, சொந்த உடம்பையே அந்நியன் என்று நினைத்துத் தாக்குகிறது. தோல், மூட்டு, ரத்தம், சிறுநீரகம், இதயத்தையும் நுரையீரலையும் மூடியுள்ள சவ்வு, சில சமயம் மூளை என்று எதை வேண்டுமானாலும் அது தாக்கலாம். அதனால்தான் ஒருத்திக்கு மூட்டு வலியாகவும் இன்னொருத்திக்குக் கால் வீக்கமாகவும் தலைகாட்டுகிறது.

இது ஒட்டுவாரொட்டி அல்ல. தட்டு, டம்ளரைத் தனியாக வைக்க வேண்டியதில்லை. குழந்தையைத் தூக்கக்கூடாது என்பதெல்லாம் வீண் பேச்சு.

யாரைத் தேடி வருகிறது?

ஒரு நோய் யாருக்கு வருகிறது, எங்கே வருகிறது, எந்த வயதில், எத்தனை பேருக்கு என்று கணக்கெடுப்பதற்கென்றே மருத்துவத்தில் ஒரு பிரிவு இருக்கிறது. 'கணக்கெல்லாம் நமக்கெதுக்கு?' என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். லூபஸைப் பொறுத்தவரை அந்தக் கணக்கில் நிற்பதே நாம்தான்!

லூபஸ் வந்த பெரியவர்கள் பத்துப் பேரில் ஒன்பது பேர் பெண்கள். அதிலும் பெரும்பாலும் 15 வயதிலிருந்து 45 வயதுக்குள். கல்லூரிப் படிப்பு, கல்யாணம், பிள்ளைப்பேறு, கைக்குழந்தை என்று ஒரு பெண் மூச்சுவிட நேரமில்லாமல் ஓடுகிற வயது அது. பெரிய மனுஷியாவதற்கு முன்பும், மாதவிலக்கு நின்ற பிறகும் ஆண், பெண் வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

லூபஸுக்கு உறவான நோய்களும் உண்டு. கண்ணும் வாயும் வறண்டுபோகிற 'ஷோகிரன்' நோயும் சுமார் ஒன்பதுக்கு ஒன்று என்ற கணக்கில் பெண்களுக்கே வருகிறது. தோல் இறுகிப்போகிற 'ஸ்கிளீரோடெர்மா', விரல் மூட்டுகளைக் கோணலாக்குகிற 'ருமடாய்டு' வாதம், இரண்டுமே ஆண்களைவிடப் பெண்களைத்தான் அதிகம் பிடிக்கின்றன.

ஏன் இந்த ஓரவஞ்சனை? பெண்மைக்கான ஹார்மோன்கள் ஒரு காரணம். இன்னொன்று, பெண்ணுக்கு 'எக்ஸ்' குரோமோசோம் இரண்டு, ஆணுக்கு ஒன்றுதான். அபூர்வமாக, பிறவியிலேயே ஒரு எக்ஸ் கூடுதலாக உள்ள ஆண்கள் உண்டு. மற்ற ஆண்களைவிட அவர்களுக்கு லூபஸ் வரும் வாய்ப்பு சுமார் 14 மடங்கு என்று 2008-ல் ஒரு கணக்கு வெளிவந்தது. 'எக்ஸ்' மீதான சந்தேகம் வலுவானது இதனால்தான்.

'அப்படியானால் அம்மாகிட்டேர்ந்து வந்ததா?' என்று உடனே ஒரு கேள்வி வரும். பிறவி வாகு ஓரளவுக்கு உண்டு. ஆனால் அச்சில் வார்த்த இரட்டையரில் ஒருவருக்கு லூபஸ் இருந்தால் மற்றவருக்கும் வருவது ஏறக்குறைய நாலில் ஒருவருக்குத்தான் என்று 1992-ல் அமெரிக்காவில் கண்டார்கள். ரத்தமும் சதையும் ஒன்றாக இருந்தும் மீதிப் பேருக்கு வரவில்லை! ஆகவே பரம்பரை மட்டுமே காரணமல்ல. வெளியிலிருந்தும் ஏதோ தூண்டிவிட வேண்டும். வெயில், புகைபிடிக்கும் பழக்கம், சில வைரஸ்கள், சிலிக்கா என்ற நுண்ணிய கல்தூள் ஆகியவற்றின் மேல் சந்தேகம் இருக்கிறது. ஸ்பெயின் தேசத்தில் பாத்திரம் தேய்க்கும் பவுடர் தயாரித்த தொழிற்சாலையில் அந்தத் தூளை வருஷக்கணக்கில் சுவாசித்த தொழிலாளிகளிடம் இந்த வகை நோய்கள் நிறையத் தென்பட்டதாக 1993-ல் எழுதினார்கள். வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர்கள் இதைப் படித்துவிட்டுப் பதற வேண்டாம். நாள் முழுக்கத் தூளுக்குள்ளேயே நின்றவர்களின் கதை அது.

தேடினால்தான் தெரியும்

ஒரு லட்சம் பெண்களில் எத்தனை பேருக்கு லூபஸ் இருக்கிறது? அமெரிக்காவில் பல இடங்களின் பதிவேடுகளைச் சேர்த்துப் பார்த்து 2021-ல் சொன்ன கணக்கு இது: லட்சம் பெண்களில் சுமார் 129 பேர், லட்சம் ஆண்களில் 15 பேர். கறுப்பினப் பெண்களில் மட்டும் எடுத்தால் 231. வெள்ளைப் பெண்களில் 85.

நம் நாட்டில்? டில்லிக்கு அருகே உள்ள கிராமங்களில் சர்வே நடத்தி 1993-ல் வெளியிட்ட கணக்கில், லட்சம் பேருக்குச் சுமார் மூன்று பேர்தான். 'அப்பாடா, நமக்கெல்லாம் வராது' என்று நிம்மதிப் பெருமூச்சு விடலாமா?

கொஞ்சம் பொறுங்கள். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில் வாழும் மக்களை 1990-களில் கணக்கெடுத்தார்கள். அங்கே குடியேறிய இந்தியத் துணைக்கண்டத்து மக்களிடம் லூபஸ், வெள்ளையர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு இருந்தது. நம்மவர்களேதான்! கிராமத்தில் அபூர்வமாக இருக்கிற நோய், கப்பலேறிப் போனதும் எப்படிப் பெருகும்? ஊரும் பழக்கவழக்கமும் மாறியது ஒரு காரணமாக இருக்கலாம். இன்னொரு காரணம் எளிமையானது. அங்கே தெருவுக்குத் தெரு டாக்டர், பரிசோதனைச் சாலை, பதிவேடு எல்லாம் இருந்தன, தேடியவர்களுக்குக் கிடைத்தது.

அதே பர்மிங்ஹாமில் இன்னொரு காரியமும் செய்தார்கள். எந்த டாக்டரிடமும் லூபஸ் என்று பெயர் வாங்காத சாதாரணப் பெண்களுக்கு ஒரு கேள்வித்தாள் அனுப்பினார்கள். பதில்களில் சந்தேகம் எழுந்தவர்களைக் கூப்பிட்டுப் பரிசோதித்தார்கள். நோய் இருந்தும் தெரியாமலே வீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்த பெண்கள் அகப்பட்டார்கள். அத்தனை வசதியுள்ள ஊரிலேயே இப்படி! 1996-ல் இது வெளிவந்தது.

மேற்கு ஆப்பிரிக்காவிலும் இதே கதைதான். 'அங்கே லூபஸ் அபூர்வம்' என்றுதான் வெகுகாலம் எழுதிவந்தார்கள். மூட்டு நோய் நிபுணர்களும் ரத்தப் பரிசோதனையும் வந்த பிறகு, நோயாளிகளும் வரத் தொடங்கினார்கள். கணக்கில் ஏறாத நோயை இல்லாத நோய் என்று சொல்லிவிட முடியாது. நம் வீட்டுக்கும் இது பொருந்தும். 'சும்மா அசதி' என்று நாம் ஒதுக்கிவிட்டால், அந்தப் பெண் எந்தக் கணக்கிலும் வரப்போவதில்லை.

எதைக் கவனிப்பது?

ஒரு காய்ச்சல், ஒரு வாய்ப்புண் என்று பயந்து ஓட வேண்டியதில்லை. பிரசவமான மூன்று, நான்கு மாதத்தில் முடி கொட்டுவதும் பலருக்கு இயல்பு. ஆனால் கீழே உள்ளவற்றில் இரண்டு, மூன்று சேர்ந்து வந்தாலோ, வாரக்கணக்கில் நீடித்தாலோ டாக்டரிடம் போங்கள்.

காரணம் தெரியாத காய்ச்சல் விட்டுவிட்டு வருவது, காலையில் எழுந்ததும் விரல் மூட்டுகள் விறைத்து வலிப்பது, வெயிலில் போய் வந்தால் முகத்தில் தடிப்பு, வலியில்லாத வாய்ப்புண், மூச்சை இழுத்தால் நெஞ்சில் குத்தல், குளிரில் விரல் நுனி வெளுத்து நீலமாவது. முகத்துத் தடிப்பு இரண்டு கன்னத்திலும் மூக்கின் மேலுமாக வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்தாற்போல் இருக்கும். 'சிவந்து இருக்கும்' என்று புத்தகத்தில் போட்டிருப்பார்கள். நம் மாநிறத்தில் சிவப்பு தெரியாது. கறுத்தோ கருஞ்சிவப்பாகவோதான் தெரியும். அதனால்தான் மங்கு என்று ஏமாந்து போகிறோம்.

முக்கியமாக, சிறுநீர் நுரைத்துக்கொண்டு போவது, காலையில் கண் இமை வீங்குவது, கொலுசு இறுக்குகிற அளவுக்குக் கால் வீக்கம். இவை சிறுநீரகம் பாதிக்கப்படுவதன் அடையாளமாக இருக்கலாம். ஆரம்பத்தில் வலியே இருக்காது. ரத்த அழுத்தம் பார்ப்பதும், சிறுநீரில் புரதம் இருக்கிறதா என்று பார்ப்பதும் மிகச் சுலபமான, செலவு குறைந்த பரிசோதனைகள். அவற்றைத் தள்ளிப்போடாதீர்கள்.

'ஏ.என்.ஏ.' என்றொரு ரத்தப் பரிசோதனை உண்டு. அது 'பாஸிடிவ்' என்று வந்ததுமே அழுது மூக்கைச் சிந்த வேண்டாம். ஆரோக்கியமானவர்களிலும் கொஞ்சம் பேருக்கு அப்படி வரும். அடையாளங்களோடு சேர்த்துப் பார்த்துத்தான் டாக்டர் முடிவு சொல்வார்.

கல்யாணமும் குழந்தையும்

1955-ல் அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை டாக்டர்கள் எழுதினார்கள்: நோய் தெரிந்த நான்கே வருஷத்தில் ஏறக்குறையப் பாதிப் பேர் உயிரோடில்லை. இன்று நல்ல சிகிச்சை கிடைக்கும் இடங்களில் பத்து வருஷம் கழித்தும் பத்தில் ஒன்பது பேர் உயிரோடு இருக்கிறார்கள். அடியோடு குணப்படுத்த இன்னும் மருந்தில்லை. ஆனால் அடக்கி வைத்து, வீடு வாசல் என்று வாழ முடிகிறது.

இதற்குக் கைகொடுப்பவற்றில் முக்கியமானது மலேரியாவுக்கென்று வந்த 'ஹைட்ராக்ஸிகுளோரோகுயின்' மாத்திரை. 2020-ல் கொரோனாவுக்கு இது நல்லது என்று ஒரு பேச்சு கிளம்பி, ஆளாளுக்கு வாங்கிக் குவித்தார்கள். நிஜமாகத் தேவைப்பட்ட லூபஸ் பெண்கள் கடை கடையாக ஏறி இறங்கினார்கள். கொரோனாவுக்கு அது பயன்படவில்லை என்று அப்புறம் தெரிந்தது. லூபஸுக்கோ அதுவே அஸ்திவாரம். டாக்டர் சொல்கிற இடைவெளியில் கண்ணைப் பரிசோதித்துக்கொண்டு தொடர்ந்து சாப்பிட வேண்டும். ஸ்டீராய்டு மாத்திரையையும் 'உடம்பு தேவலையாயிடுச்சு' என்று நீங்களாகச் சட்டென்று நிறுத்தக்கூடாது, ஆபத்து.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ' என்று கல்யாணத்தோடு மருந்தையும் நிறுத்திவிடுகிற தாய்மார்கள் இருக்கிறார்கள். மறைத்து வைத்த மாத்திரையால் மானம் காப்பாற்றப்படுவதில்லை, அம்மா! நோய் சீறிக்கொண்டு திரும்பும்போது தலைத் தீபாவளி என்றும் பார்க்காது, மசக்கை என்றும் பார்க்காது. கணவரிடமாவது முன்பே சொல்லிவிடுவதுதான் பெண்ணுக்குப் பாதுகாப்பு.

குழந்தை பெற முடியுமா? பெரும்பாலானவர்களுக்கு முடியும். நோய் குறைந்தது ஆறு மாதமாவது அடங்கியிருக்க வேண்டும். வயிற்றுக் குழந்தைக்கு ஆகாத மருந்துகள் சில உண்டு. டாக்டர் அவற்றை முன்கூட்டியே மாற்றிக் கொடுப்பார். அதனால் நாள் தள்ளிப்போன பிறகு ஓடாமல், கருத்தரிக்கும் முன்பே கேளுங்கள்.

மூன்று முறை கலைந்துவிட்டது என்று ஒரு மருமகளை 'ராசியில்லாதவள்' என்று பேசுகிற வீடுகள் இன்றும் உண்டு. ரத்தம் சீக்கிரம் உறைந்துவிடுகிற ஒரு கோளாறு லூபஸ் உள்ள சிலருக்கும், லூபஸ் இல்லாத சிலருக்கும் இருக்கிறது. லண்டனில் டாக்டர் கிரஹாம் ஹியூஸ் 1983-ல் அதை விவரித்தார். ரத்தத்தில் அதைக் கண்டுபிடிக்கலாம். குறைந்த அளவு ஆஸ்பிரினும் ஹெப்பாரின் ஊசியும் கொடுத்து, நிறையப் பெண்கள் குழந்தையைக் கையில் ஏந்தியிருக்கிறார்கள். ராசியை விட்டுவிட்டு ரத்தத்தைப் பாருங்கள்.

லூபஸ் உள்ளவர்கள் உச்சி வெயிலைத் தவிர்த்து, குடையும் முழுக்கைச் சட்டையும் வைத்துக்கொள்வது நல்லது. வீட்டில் யாரும் பக்கத்தில் புகைபிடிக்க வேண்டாம்.

கடைசியாக ஒன்று. பால் கணக்கும் சலவைக் கணக்கும் எழுதுகிற நோட்டில் ஒரு பக்கம் உங்களுக்காகவும் ஒதுக்குங்கள். என்றைக்குக் காய்ச்சல், எந்த மூட்டில் வலி, எத்தனை நாள் வாய்ப்புண் என்று தேதி போட்டு எழுதுங்கள். அந்தப் பக்கத்தை டாக்டர் முன்னால் விரித்து வையுங்கள். தனித்தனியாக வந்துபோன தொந்தரவுகளை ஒரே இடத்தில் பார்த்தாலே அவருக்குப் பாதி வேலை முடிந்துவிடும். உங்களுக்குக்கூட அவகாசமில்லை என்றால், உங்கள் மகளுக்காகவோ மருமகளுக்காகவோ எழுதுங்கள். 'அசதியா இருக்கு' என்று அவள் சொன்ன தேதியையும் சேர்த்து.