கழிக்கிறது சரி, கணக்கு எங்கே?

எங்க தோட்டத்துக் கொழுந்து மடுவத்துல, ஒவ்வொரு நிறுவைக்கும் 3 கிலோ கழிப்பாங்க. படங்குப் பாரம், தண்ணிப் பாரம் என்று காரணம் சொல்வாங்க. மழைக்கும் 3, வெயிலுக்கும் 3. ஒருநாள் அம்மா பறிச்ச 20 கிலோ, 17 ஆகிப் போச்சு. 18 இருந்தால்தான் முழுப்பேர். அன்றைக்கு அவருக்கு அரைப்பேர், அதாவது பாதிச் சம்பளம்.

நான் கலைப்பீடம். விஞ்ஞானத்தை ஓ.எல். பரீட்சையோட விட்டாச்சு. ஆனாலும் 2012இல் ஹிக்ஸ் துகளைக் கண்டுபிடித்த கதையை வாசிச்சப்போ, எனக்கு அந்த மடுவம்தான் ஞாபகம் வந்தது.

ஜெனீவாவுக்குப் பக்கத்தில் சேர்ன் ஆய்வுகூடத்தில் புரோத்தன்களை மோத விடுகிறார்கள். அதில் பிறக்கும் ஹிக்ஸ் உடனே சிதைந்துவிடும். 1000 ஹிக்ஸில் சுமார் 2 மட்டுமே இரண்டு போட்டோன்களாக, அதாவது இரண்டு ஒளித்துகள்களாக மாறும். சிக்கல் என்னவென்றால், ஹிக்ஸ் இல்லாமலேயே போட்டோன் ஜோடிகள் ஏராளமாக வரும். போட்டோன் மாதிரி வேஷம் போடுகிற துகள்களும் உண்டு. இதைத்தான் பின்னணி என்கிறார்கள். இதைக் கழித்தால்தான் ஹிக்ஸ் தெரியும்.

அங்கே வாய்க்கு வந்த எண்ணைக் கழிப்பதில்லை. ஜோடிகளின் நிறையை வரைபடமாகப் போட்டால், சீராக இறங்கும் ஒரு சரிவு வரும். ஹிக்ஸ் இருந்த 125 கிகா இலத்திரன்வோல்ட் இடத்தில் மட்டும் சின்ன மேடு. மேட்டின் இரண்டு பக்கமும் உள்ள சரிவை அளந்து, நடுவில் பின்னணி எவ்வளவு என்று கணிக்கிறார்கள். கணிப்பு எவ்வளவு பிழைக்கலாம் என்பதையும் சேர்த்தே எழுதுகிறார்கள். சி.எம்.எஸ். குழு, முறையை முடிவு செய்யும்வரை அந்த இடத்தைப் பார்க்காமலே இருந்தது. விடையைப் பார்த்த பிறகு கழிவை மாற்றிவிடக் கூடாதே!

2015 டிசம்பரில் 750க்குப் பக்கத்தில் இன்னொரு மேடு தெரிந்தது. உலகமே பரபரத்தது. 2016 ஆகஸ்டில், கூடுதல் தரவில் அது இல்லை என்று அதே குழுக்களே அறிவித்தன.

மழைநாள் கொழுந்து பாரம்தான், நான் மறுக்கல. கழிக்கவே கூடாதுன்னும் சொல்லல. வெறும் படங்கை எல்லார் முன்னாலயும் நிறுக்கட்டும். நனைஞ்ச கொழுந்துல கொஞ்சம் எடுத்து, மேல் ஈரத்தைத் துடைச்சு, திரும்ப நிறுக்கட்டும். வந்த எண்ணை, முதல் ஆளோட கொழுந்து தராசில் ஏறுறதுக்கு முன்னாலயே பலகையில எழுதட்டும்.

இதுக்கு மோதுவி எதுவும் வேண்டாம். மடுவத்துல இருக்கிற தராசே போதும்.