மார்கழியும் கல்லூரியும்

கல்லூரி என்றால் ஆனி, ஆடியில்தான் திறக்கும், அப்பொழுது சேரத் தவறிய பிள்ளைக்கு ஒரு வருஷம் பாழ் என்றே நமது மக்கள் நெடுங்காலமாக எண்ணி வந்திருக்கிறார்கள். இப்பொழுது நிலைமை அப்படியே இல்லை. இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகம் ஜூலை, ஜனவரி ஆகிய இரண்டு பருவங்களிலும் மாணவர்களைச் சேர்த்து வருகிறது. பரீட்சை முடிவு தாமதமானதாலோ, நோயினாலோ, குடும்பத் தொல்லையினாலோ சேர முடியாமற் போனவர்களை உத்தேசித்து, மற்ற உயர்கல்வி நிலையங்களும் ஜனவரி, பிப்ரவரியில் ஒருமுறை சேர்க்கை நடத்தலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2024-ஆம் வருஷத்தில் அறிவித்தது. இது கட்டாயமல்ல, ஆசிரியரும் இடவசதியும் உள்ள நிலையங்கள் விரும்பினால் நடத்தலாம் என்பதேயாகும்.

ஆகவே, ஒரு பாடத்தில் தவறித் துணைத் தேர்வில் தேறியவனுக்கும், தகப்பனார் படுக்கையில் விழுந்ததால் கூலிக்குப் போனவனுக்கும் ஒரு வழி திறந்திருக்கிறது. ஆனால் வழி திறந்தால் மட்டும் போதுமா? வீட்டார் அனுப்ப வேண்டாமா?

ஜனவரிச் சேர்க்கைக்கு மனுப் போட்டுப் பணம் கட்டவேண்டிய நாட்களில் பல மார்கழியில் வருகின்றன. மார்கழி பீடை மாதமாம். நல்ல காரியம் தொடங்கக் கூடாதாம். "தை பிறக்கட்டும்" என்கிறார் ஜோசியர். தை பிறப்பதற்குள் கடைசித் தேதி போய்விட்டால் ஜோசியர் ஈடு செய்வாரா? மார்கழி என்பதற்காக அவர் தட்சணை வாங்காமல் இருக்கிறாரா? வட்டிக்கடைக்காரர் அந்த ஒரு மாத வட்டியைத் தள்ளுபடி செய்கிறாரா? பணம் வாங்குவதற்கில்லாத பீடை, பிள்ளையின் படிப்புக்கு மாத்திரம் எங்கிருந்து வந்தது என்று கேட்கிறோம்.

பெண் பிள்ளைகள் விஷயமோ இதைவிடப் பரிதாபமானது. ஆறு மாதம் பெண் வீட்டிலிருந்தால், "சும்மா இருக்கிறாளே" என்று வரன் பார்க்கத் தொடங்கி விடுகிறார்கள். தை பிறந்ததும் முகூர்த்தம் வந்துவிடுகிறது. கல்லூரிக்குக் கட்டவேண்டிய பணம் பந்தலுக்கும் விருந்துக்கும் போகிறது. ஆறு மாதத் தாமதத்தில் ஆணுக்குப் போவது ஆறு மாதம். பெண்ணுக்குப் போவது ஆயுள் முழுவதும் என்பதைப் பெற்றோர் யோசிக்க வேண்டும்.

நிற்க, அந்த இடைக்காலத்தில் செய்யவேண்டியது என்ன? மாற்றுச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல், சாதிச் சான்று, வருமானச் சான்று, குடும்பத்தில் முதலாவதாகப் படிக்கிறவராயின் முதல் பட்டதாரிச் சான்று ஆகியவற்றை இ-சேவை மையத்திலும் பள்ளிக்கூடத்திலும் முன்கூட்டியே வாங்கி வைக்க வேண்டும். தரகர் பேச்சைக் கேட்டுப் பணம் கொடுக்குமுன், அப்படிப்புக்கு மானியக் குழுவின் அங்கீகாரம் உண்டா என்று பார்க்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் படித்த மாணவிகளுக்கு 2022-லும், மாணவர்களுக்கு 2024-லும் மாதம் ரூ. 1000 தரும் திட்டங்கள் தமிழ்நாட்டில் ஏற்பட்டன. நடுவில் சேருகிறவருக்கும் அவை பொருந்துமா என்று கல்லூரி அலுவலகத்தில் வெட்கமின்றிக் கேட்டறிய வேண்டும்.

பிள்ளையையும் தயார் செய்ய வேண்டும். ஆணானாலும் பெண்ணானாலும் துணி துவைக்கவும், சோறு சமைக்கவும், தனியாகப் பாங்கிக்குப் போய்வரவும், அதிகாரி முன் நின்று தைரியமாய்க் கேள்வி கேட்கவும் பழக்க வேண்டும். தினம் ஒரு பக்கமாவது இங்கிலீஷ் படித்து, அகராதி பார்த்துப் பொருளறியச் செய்ய வேண்டும். நடுவில் சேருகிறவன் போய்ச் சேரும்போது, விடுதியில் முன்னமே வந்தவர்கள் ஒருவரோடொருவர் பழகி இருப்பார்கள். முதல் மாதம் அவனுக்குத் தனிமையாகத்தான் இருக்கும். அப்பொழுது "திரும்பி வந்துவிடு" என்றும் சொல்லாமல், "மானத்தை வாங்காதே" என்றும் வையாமல், அவன் சொல்வதைக் காது கொடுத்துக் கேட்டாலே பாதிச் சங்கடம் தீரும்.

படித்த தோழர்கள் அவரவர் ஊரில் இப்படிக் காத்திருக்கும் பிள்ளைகள் யார் யார் என்று விசாரித்து, வீடு தேடிப் போய், மனு எழுதிக் கொடுத்து, கடைசித் தேதியைப் பெற்றோருக்கு நினைவூட்ட முன்வர வேண்டும். பஞ்சாங்கத்தில் நாள் பார்ப்பதை விட்டு, கல்லூரி அறிவிப்பில் நாள் பார்க்கும்படி நமது பெற்றோர்களைக் கேட்டுக் கொள்ளுகிறோம்.