மாற்றுச் சாவி எங்கே?

பெங்களூர்-ஓசூர் நெடுஞ்சாலையில் பொம்மசந்திராவைக் கடப்பவர்களின் கண்ணில் முதலில் படுவது நாராயணா ஹெல்த் சிட்டி. 2025 ஆகஸ்டில் இருந்து மஞ்சள் தட மெட்ரோவின் கடைசி நிலையமும் இங்கேதான். தொழிற்பேட்டைக்குள் நுழைந்தால் காட்சி மாறும். லேத் பட்டறைகள், அச்சு வார்க்கும் கூடங்கள், ஓசூரிலிருந்து எல்லை தாண்டி வேலைக்கு வரும் தமிழர்கள். இத்தகைய சிறு பட்டறையில் முதலாளியின் மேஜை மேல் இருக்கும் ஒரே லேப்டாப்பில்தான் பில், வரவு செலவு, வாடிக்கையாளர் தந்த வரைபடம் எல்லாம் இருக்கும்.

ஒரு நாள் காலை அது எழுந்திருக்காது. நீலத் திரை, புரியாத நாலு வரி. பழுது பார்ப்பவர் வருவார். "ஓ.எஸ். போயிடுச்சு சார். திரும்பப் போடணும். ரெகவரி டிஸ்க் இருக்கா?" முதலாளி விழிப்பார். "வாங்கும்போது அப்படி எதுவும் குடுக்கலையேப்பா."

அவர் சொல்வது உண்மைதான். 1995-ல் விண்டோஸ் 95 பதிமூன்று ஃபிளாப்பிகளில்கூட விற்பனைக்கு வந்தது. பிறகு சி.டி. வந்தது. லேப்டாப் பெருகியபோது தயாரிப்பாளர்கள் செலவை மிச்சம் பிடித்தார்கள். டிஸ்க் தருவதை நிறுத்திவிட்டு, ஆபரேட்டிங் சிஸ்டத்தின் நகலை ஹார்டு டிஸ்கிலேயே ஒரு மறைவான பகுதியில் வைத்தார்கள். வாங்கியவரே அதிலிருந்து ரெகவரி டிஸ்க் தயாரித்துக்கொள்ள வேண்டும் என்பது ஏற்பாடு. சில கம்பெனிகள் ஒரு செட்டுக்கு மேல் எடுக்கவும் அனுமதிக்கவில்லை. வாங்கிய புதிதில் திரையில் வந்த அந்த நினைவூட்டலைப் பலரும் "பிறகு பார்க்கலாம்" என்று மூடினார்கள்.

வீட்டின் மாற்றுச் சாவியை வீட்டுக்குள்ளேயே வைத்துப் பூட்டுவது போன்றது இது. ஹார்டு டிஸ்க் பழுதானால் இரண்டும் சேர்ந்தே போகும்.

இப்போது இந்த வேலைக்கு அவசரம் கூடியிருக்கிறது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14 அன்று நிறுத்தியது. விண்டோஸ் 11-க்கு டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்பு வசதி தேவை. அது இல்லாத பழைய லேப்டாப்பை வைத்திருப்பவர்கள் லினக்ஸுக்கு மாறலாம். சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸ் இலவசமாகவே கிடைக்கிறது. ஆனால் எதற்கு மாறினாலும் ஆபரேட்டிங் சிஸ்டத்தைப் புதிதாகப் போட்டாக வேண்டும்.

இன்றைய லேப்டாப்புகளில் டிவிடி டிரைவே அரிது. அதனால் ரெகவரி டிஸ்க்கின் இடத்தைப் பென் டிரைவ் பிடித்துவிட்டது. மைக்ரோசாஃப்டின் இலவசக் கருவிக்குக் குறைந்தது 8 ஜி.பி. கொள்ளளவு வேண்டும். அதில் ஏற்கெனவே இருப்பது அழிந்துவிடும் என்பதால் காலி பென் டிரைவே நல்லது. செய்து முடித்ததும், அதிலிருந்து மெஷின் எழுகிறதா என்று ஒரு முறை சோதிக்க வேண்டும். முதல் திரை வந்ததும் மூடிவிடலாம். விண்டோஸ் 8 முதல், கம்பெனியே விண்டோஸ் போட்டு விற்கும் லேப்டாப்புகளில் அதன் உரிம எண் மதர்போர்டு சிப்பிலேயே பதிந்திருக்கிறது. அதே வகை விண்டோஸைத் திரும்பப் போட்டால் தனியாக எண் கேட்காது. கடைத்தெருவில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் திருட்டு நகலைத் தேட வேண்டியதில்லை.

இன்னொரு சாவியும் உண்டு. புதிய லேப்டாப்புகள் பலவற்றில் ஹார்டு டிஸ்க் முழுவதும் ரகசியக் குறியீட்டால் பூட்டப்பட்டிருக்கும். கோளாறு நேரத்தில் அது 48 இலக்க எண் ஒன்றைக் கேட்கும். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பிழையான அப்டேட் ஒன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கம்ப்யூட்டர்களை முடக்கியது. விமான நிலையங்கள் தடுமாறின. இந்தியாவில் சில பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கிடைத்தது. மெஷின்கள் பலவற்றை ஒவ்வொன்றாக, கையால் சரிசெய்ய வேண்டியிருந்தது. பூட்டியிருந்தவற்றுக்கு அந்த 48 இலக்கம் இல்லாமல் கதவு திறக்கவில்லை. பெரிய நிறுவனங்களுக்கே அந்தப் பாடு. சிறு பட்டறைக்காரர் அந்த எண்ணை மைக்ரோசாஃப்ட் கணக்கில் பார்த்து, ஒரு தாளில் எழுதி பீரோவில் வைப்பது புத்திசாலித்தனம்.

இதையெல்லாம் செய்தவரும் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. ரெகவரி டிஸ்க் மெஷினைத்தான் மீட்கும். அதில் இருந்த கணக்கை அல்ல. தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கே திருப்பும்போது மற்ற அனைத்தும் துடைக்கப்பட்டுவிடும். அவசரத்தில் 'டெஸ்க்டாப்', 'டாக்குமென்ட்ஸ்' இரண்டையும் மட்டும் நகல் எடுப்பார்கள். பெங்களூரைத் தலைமையிடமாகக் கொண்ட டாலி நிறுவனத்தின் கணக்கு சாஃப்ட்வேர் தன் விவரங்களை வழக்கமாக வேறொரு 'டேட்டா' ஃபோல்டரில் வைக்கிறது. அது விடுபட்டால் வருடக்கணக்கான பில்கள் மாயம். ஜி.எஸ்.டி. சட்டத்தின் 36-வது பிரிவோ, ஆண்டு ரிட்டர்ன் தாக்கல் செய்ய வேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதங்களுக்குக் கணக்கைப் பாதுகாக்கச் சொல்கிறது.

ஒன்று நினைவிருக்கட்டும். ஓ.எஸ். போனால் ஃபைல்களும் போய்விட்டதாக அர்த்தமில்லை. ஹார்டு டிஸ்க் நன்றாக இருந்தால், பென் டிரைவிலிருந்தே இயங்கும் லினக்ஸைக் கொண்டு ஃபைல்களை முதலில் வெளியே எடுக்கலாம். பூட்டியிருந்தால் இதற்கும் அந்த 48 இலக்க எண் வேண்டும். பழுது பார்ப்பவர் "ஃபார்மட் பண்ணட்டுமா சார்?" என்று கேட்கும்போது, "முதல்ல டேட்டாவ எடுப்பா" என்பதே சரியான பதில்.

அந்தக் கேள்வி வருமுன்பே, லேப்டாப் நன்றாக ஓடும்போதே, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியத்தை இதற்கு ஒதுக்கினால் போதும். இரண்டு பென் டிரைவ்கள், ஒன்றில் ஓ.எஸ்., மற்றதில் கணக்கு. இரண்டும் லேப்டாப் பையில் அல்லாமல் வேறு இடத்தில் இருக்க வேண்டும்.