பிரியாணியும் பதினைந்தாவது ஷரத்தும்

பத்தாம் வகுப்பில் அரசியல் சாசனத்தின் பதினைந்தாவது ஷரத்தை நடத்திக்கொண்டிருந்தேன். மதம், இனம், சாதி, பால், பிறப்பிடம் இவற்றைக் காரணம் காட்டி, கடைகளிலும் உணவுச் சாலைகளிலும் ஓட்டல்களிலும் எந்தப் பிரஜையையும் நுழையவிடாமல் தடுக்கலாகாது என்கிறது அதன் இரண்டாம் பிரிவு. பின் பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்தான்.

"இவ்வளவு பெரிய சட்டப் புத்தகத்திலே ஓட்டலைப் பற்றி ஏன் சார் எழுதினாங்க? காசு கொடுத்தா யாருக்கும் சோறு போடமாட்டாங்களா?"

வகுப்பு முழுவதும் சிரித்தது. நல்ல வேளையாக மணி அடித்தது, நான் தப்பினேன். ஆனால் கேள்வி என்னை விடவில்லை.

அந்தச் சனிக்கிழமை மூக்குக் கண்ணாடியைப் பழுது பார்க்க ஆம்பூருக்குப் போயிருந்தேன். பேரணாம்பட்டுக்காரன் ஆம்பூருக்குப் போனால் காரியம் எதுவானாலும் முடிவு பிரியாணிதான் என்பது எங்கள் பக்கத்து வழக்கு. கூட வந்த நண்பரும் நானும் பல ஊர்களில் கிளை பரப்பிய ஓட்டல் ஒன்றினுள் நுழைந்தோம்.

ஆர்க்காட்டு நவாபின் சமையற்காரர்கள் வழியாக இந்தப் பிரியாணி இங்கே வந்தது என்பார்கள். 1890-இல் ஹுசைன் பேக் என்பவர் தொடங்கியதாகச் சொல்லப்படும் வியாபாரம் இன்று 'ஸ்டார்' என்ற பெயரில் சென்னை, பெங்களூர் வரை பரவியிருக்கிறது. நீள அரிசி இதற்கு ஆகாது. சீரகச் சம்பாதான் வேண்டும். காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுதான் நிறமும் காரமும் தருகிறது. மசாலாவின் ஆர்ப்பாட்டம் கிடையாது. பக்கத்தில் புளிப்பும் காரமுமாய்க் கத்தரிக்காய், வெங்காயத் தயிர்ப் பச்சடி, அவ்வளவுதான். இருவர் வயிறார உண்டும் ஐந்நூறு ரூபாய்க்குள் அடங்கிற்று.

கூட்டம் நெரிந்தது. நால்வர் உட்காரும் மேஜை ஒன்றில் இரண்டு இடங்களைக் காட்டி, "இங்கேயே உட்காருங்க சார்" என்றார் பரிமாறுகிறவர். எதிரில், கழுத்தில் அடையாள அட்டையுடன் காலணித் தொழிற்சாலைப் பெண் ஒருத்தி. அவளுக்குப் பக்கத்தில் நடுத்தர வயதுக்காரர் ஒருவர். அவர் விரல் நகங்களில் சாயக் கறை படிந்திருந்தது. எங்களைக் கண்டதும் முழங்கைகளைச் சட்டென்று ஒடுக்கிக்கொண்டார்.

"தோல் ஆலையிலே வேலை சார். எவ்வளவு தேய்ச்சாலும் வாசனை போகாது" என்றார், மன்னிப்புக் கேட்பவர்போல.

எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரே ஆட்டின் இறைச்சி அண்டாவுக்குப் போகிறது. தோல் ஆலைக்குப் போகிறது. அண்டாவின் மணத்தைத் தேடி ஊர் ஊராய் ஜனங்கள் வருகிறார்கள். தோலைப் பதனிட்டவரோ தம் கையை ஒளிக்கிறார். "இந்த வாசனையில்தானே நம் ஊர்ப் பிழைப்பே நடக்கிறது, அண்ணே" என்றேன். அவர் சிரித்துவிட்டு, பச்சடிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "கத்தரிக்காய் இன்னும் கேளுங்க சார், கொடுப்பாங்க" என்று உபசாரமும் செய்தார்.

அப்போது பழைய காட்சி ஒன்று நினைவுக்கு வந்தது. எனக்குப் பத்து வயது இருக்கும். தாத்தாவுடன் ஒரு கிராமத்துத் தேநீர்க் கடையில் நின்றேன். தாத்தாவுக்கும் எனக்கும் உள்ளே பித்தளை டம்ளர். எங்கள் மூட்டையைச் சுமந்து வந்தவருக்கு வெளியே, கூரையில் செருகியிருந்த கண்ணாடி டம்ளர். குடித்து முடித்ததும் அவரே அதைக் கழுவி மறுபடியும் கூரையில் செருகினார். மூவருக்கும் விலை ஒன்றே. நான் பார்த்தேன், ஏன் என்று கேட்கவில்லை.

பையனின் கேள்விக்கு விடை அந்தக் கூரையில்தான் இருந்தது. ரயில்வே ஸ்டேஷன் உணவுச் சாலைகளிலேயே ஒரு காலத்தில் பிராமணருக்குத் தனி இடம், மற்றவருக்குத் தனி இடம் என்று இருந்தது. பெரியாரின் கிளர்ச்சிக்குப் பிறகு 1941-இல்தான் அது ஒழிந்தது. இதையெல்லாம் கண்டவர்களே சாசனத்தை எழுதினார்கள். ஆகவே ஓட்டலை மறக்கவில்லை. 1955-இல் வந்த தீண்டாமைக் குற்றச் சட்டம் ஓட்டல் பாத்திரங்களைக்கூடக் குறிப்பிட்டது. அது அமலில் இருக்கும்போதே நான் பார்த்த டம்ளர் கூரையில் இருந்தது என்பதுதான் வெட்கம்.

வெட்கம் முழுதும் தீர்ந்துவிட்டதாகவும் சொல்வதற்கில்லை. 2022 மே மாதத்தில் ஆம்பூரில் பிரியாணித் திருவிழா ஒன்றை ஜில்லா நிர்வாகம் ஏற்பாடு செய்தது. இங்கே எத்தனையோ பேர் உண்ணும் மாட்டிறைச்சிப் பிரியாணிக்கு மட்டும் அதில் இடமில்லை என்றதும் எதிர்ப்பு எழுந்தது. ஆதிதிராவிடர், பழங்குடியினர் ஆணையமும் விளக்கம் கேட்டது. முடிவில் மழையைக் காரணம் காட்டி விழாவை ஒத்திவைத்தார்கள். எதை உண்பது என்பது அவரவர் விருப்பம். ஒருவர் உணவை ஊர்ப் பந்தியிலிருந்து விலக்குவதோ அவரையே விலக்குவதாகும்.

சுதேச பக்தியைக் கொடியேற்றத்தில் மட்டும் தேடுகிறோம். யார் பக்கத்தில் யார் என்று பாராமல் உட்கார்ந்து, ஒரே அண்டாச் சோற்றை ஒரே விலைக்கு உண்டு எழுகிற பெஞ்சிலும் தேசம் உருவாகிறது. ஆனால் அந்தப் பெஞ்சில் இன்னும் ஒருவர் தம் முழங்கையை ஒடுக்கிக்கொண்டுதான் உட்காருகிறார்.

திங்கட்கிழமை வகுப்பில் டம்ளர்க் கதையைச் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அந்தப் பையன் மறுபடியும் எழுந்தான்.

"நீங்க ஏன் சார் அன்னிக்குக் கேட்கலே?"

இந்த முறை மணி அடிக்கவில்லை.