புகை நம் கண்ணுக்கு, கடி நம் காலுக்கு

"கொசுவா? நாலு கொத்து வேப்பிலையைப் போட்டு மூட்டம் போடுங்க, தன்னால ஓடிடும்." தமிழ்நாட்டில் இந்த யோசனையை மறுத்துப் பேசுபவர் அரிது. தொழுவத்தில் மாடுகளுக்கு மூட்டம் போட்ட காலத்திலிருந்து, ஏலகிரியிலும் கொல்லிமலையிலும் டென்ட் அடித்து வாரக் கடைசியைக் கழிக்கும் காலம் வரை அது அப்படியே கைமாறி வந்திருக்கிறது. வழியில் புதுக் கூட்டாளிகளையும் சேர்த்துக்கொண்டது: சிட்ரோனெல்லா மெழுகுவத்தி, மணிக்கட்டில் மாட்டும் வளையம், சட்டையில் ஒட்டும் பேட்ச், டென்ட் வாசலில் தொங்கும் நொச்சித் தழை. எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது ஒரே நம்பிக்கைதான். புகையும் மணமும் இருந்தால் கொசு அண்டாது. அது இயற்கை, ஆகவே பாதுகாப்பு. தோலில் பூசும் மருந்து ரசாயனம், ஆகவே விஷம்.

இந்த நம்பிக்கை தப்பு. வீட்டில் இந்தத் தப்பைச் செய்தால் பெரும்பாலும் நாலு தடிப்போடு போய்விடும். காட்டோரத்தில், துணிக் கூடாரத்தில், பிள்ளைகளோடு படுத்திருக்கும் இடத்தில் அதுவே ஆபத்து.

மலையடிவாரத்தில் ஏதாவது ஒரு முகாமுக்கு மாலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். முகாமைப் பார்த்துக்கொள்ளும் தம்பி ஈர வேப்பந்தழையைத் தணலில் போட்டுவிட்டு, "அண்ணா, இனிமே ஒரு கொசு வராது" என்று சொல்லி அடுத்த வேலைக்குப் போய்விடுவார். புகை ஆளுயரத்துக்கு எழும்பி, காற்று போகும் பக்கம் சாயும். அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் இருமிக்கொண்டே நாற்காலியை இழுத்து நகர்வார்கள். எதிர்ப்பக்கம் இருப்பவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, ஒரு பாதத்தால் மற்றக் கணுக்காலைத் தேய்த்துக்கொண்டிருப்பார்கள். புகை மேலே போகிறது. கொசு கீழே, மேசைக்கு அடியில், காற்றுப் படாத நிழலில் இருக்கிறது. சற்று நேரத்தில் காற்று திசை மாறும். இருமியவர் சொறிவார், சொறிந்தவர் இருமுவார். மூட்டம் பலிக்க வேண்டுமென்றால் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்க வேண்டும் என்பதை அந்தத் தம்பியும் சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

கொசு நம்மைத் தேடி வரும் வழியைக் கொஞ்சம் தெரிந்துகொண்டால் இந்தக் கூத்து புரியும். கடிப்பது பெண் கொசு மட்டுமே. முட்டை முதிர அதற்கு ரத்தத்தில் உள்ள புரதம் வேண்டும். நாம் வெளிவிடும் மூச்சிலுள்ள கார்பன் டை ஆக்சைடை அது பல அடி தூரத்திலேயே உணர்கிறது. அந்தத் தடத்தைப் பிடித்துக்கொண்டு நெருங்கும். பக்கத்தில் வர வர வியர்வையில் இருக்கும் லாக்டிக் அமிலம், தோலின் மணம், உடம்புச் சூடு, அடர்நிற உடை எல்லாம் அதற்கு வழி காட்டும். இவற்றில் எதையும் வேப்பிலைப் புகை நிறுத்துவதில்லை. கேம்ப் ஃபயரைச் சுற்றி ஆடிப் பாடும்போது மூச்சும் வியர்வையும் கூடத்தான் செய்கின்றன. நமக்குக் கண் கரிக்கிறது என்பதால் கொசுவுக்கும் கரிக்கும் என்று எடுத்துக்கொள்கிறோம். சோதித்துப் பார்த்தது நம் மூக்கை. தீர்ப்பு எழுதியது கொசுவுக்கு.

மூட்டம் போடும் நேரமும் பொருந்தவில்லை. வெட்டிய மூங்கில் அடிக்கட்டையின் குழியிலும் மரப் பொந்திலும் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணத்திலும் தேங்கும் ஒரு கை நீரில் பெருகுகிறது ஏடிஸ் அல்போபிக்டஸ் என்ற கொசு. டெங்கு, சிக்குன்குன்யா இரண்டையும் பரப்பும். 2007-இல் கேரளத்தில் சிக்குன்குன்யா பரவியபோது ரப்பர் தோட்டங்களில் இந்தக் கொசு பெருகிக் கிடந்தது கண்டறியப்பட்டது. இது கடிப்பது பகலில், அதுவும் காலையிலும் பிற்பகல் சாயும் நேரத்திலும். அதாவது நீங்கள் டென்ட் அடிக்கும்போதும், ஓடையில் கால் நனைத்துவிட்டு வந்து நூடுல்ஸ் கிளறும்போதும். அப்போது எந்த முகாமிலும் மூட்டம் இருக்காது. மலேரியாவைக் கொண்டுவரும் அனாபிலிஸ் வகைகளோ இருட்டிய பிறகு விடியும்வரை கடிக்கும். அவற்றில் ஃப்ளூவியாடிலிஸ் என்பது மலையடிவார ஓடைகளின் தெளிந்த நீரோரத்தில் பெருகுவது. அது அலையும் நள்ளிரவில் உங்கள் மூட்டம் சாம்பலாகிக் கிடக்கும்.

"இலைப் புகைக்கு எந்தச் சக்தியும் இல்லையா?" என்று கேட்டால், இருக்கிறது, கொஞ்சம். சில தழைகளைச் சுட்டால் கொசு வரத்து குறைவதை ஆப்பிரிக்காவிலும் தென் அமெரிக்காவிலும் களத்தில் அளந்து காட்டியிருக்கிறார்கள். நொச்சியின் எண்ணெய்க்குச் சோதனைக்கூடத்தில் விரட்டும் தன்மை தெரிகிறது. ஆனால் குறைவது வேறு, காப்பது வேறு. பத்துக் கடி ஆறாகக் குறைந்தால் சொறி குறையும். நோய்க்கு ஒரு கடி போதும். வீட்டு அடுப்புப் புகை மலேரியாவைத் தடுக்கிறதா என்று 2007-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களுக்கு அதற்கான சான்று கிடைக்கவில்லை.

நொச்சியின் கதை நம் ஊரிலேயே நடந்தது. பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் சென்னை மாநகராட்சி கொசுவை ஒழிக்க நொச்சிக் கன்றுகளை வழங்கியது. நல்ல செடிதான், நல்ல மூலிகைதான். ஆனால் விரட்டும் எண்ணெய் இலைக்குள் இருக்கிறது. கசக்கினாலோ சுட்டாலோதான் வெளிவரும். தொட்டியில் நிற்கும் நொச்சி, அலமாரியில் கிடக்கும் மாத்திரை காய்ச்சலைத் தணிக்கும் அளவுக்குத்தான் கொசுவைத் தடுக்கும். டென்ட் வாசலில் கட்டிய தழைக்கும் இதே கதி.

சிட்ரோனெல்லா வளையத்துக்கு வருவோம். 2002-இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வந்த ஓர் ஆய்வில், பசித்த கொசுக்கள் அடைத்த கூண்டுக்குள் கையை விட்டு, முதல் கடி விழ எத்தனை நிமிடம் ஆகிறது என்று பார்த்தார்கள். டீட் என்ற கொசு விரட்டி ஏறக்குறைய 24 சதவீதம் கலந்த மருந்து பூசிய கை சராசரியாக 300 நிமிடம் தாங்கியது. சிட்ரோனெல்லா பொருள்களில் பெரும்பாலானவை 20 நிமிடம்கூடத் தாங்கவில்லை. மணிக்கட்டு வளையங்கள் போட்ட கையைக் கொசுக்கள் உடனே கடித்தன. மணிக்கட்டில் மாட்டியது கணுக்காலைக் காக்கும் என்று எண்ணி நாம் வாங்கும் பொருள், மணிக்கட்டையே காக்கவில்லை.

மற்றவற்றுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அல்ட்ராசோனிக் கருவிகளைப் பற்றிய பத்துக் களச் சோதனைகளை 2007-இல் மருத்துவ ஆய்வுகளை மதிப்பிடும் காக்ரேன் குழு தொகுத்து ஆராய்ந்தது. கருவி ஓடினாலும் ஓடாவிட்டாலும் ஆள் மேல் உட்கார்ந்த கொசுக்களின் எண்ணிக்கையில் வித்தியாசம் இல்லை. பூண்டு தின்றாலும், பி1 வைட்டமின் விழுங்கினாலும் கொசு மதிப்பதில்லை. நீல விளக்குப் பொறிகள் பொசுக்கும் பூச்சிகளில் கடிக்கும் இனங்கள் மிகச் சொற்பம். அமெரிக்காவில் டெலவேரில் 1996-இல் எண்ணியபோது 13,789 பூச்சிகளில் 31 மட்டுமே கடிப்பவை.

கொசுவத்திச் சுருளைத் தனியாகச் சொல்ல வேண்டும். புகை நம்பிக்கைக்கு அதுதான் பெரிய சாட்சி என்று பலரும் நினைக்கிறார்கள். 1890 வாக்கில் ஜப்பானில் எயிச்சிரோ உயேயாமா என்ற வணிகர் பைரெத்ரம் என்ற சாமந்தி இனப் பூவின் பொடியை ஊதுவத்திபோல் உருட்டினார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்ததால், சுருளாகச் சுற்றலாமே என்ற யோசனையைச் சொன்னவர் அவர் மனைவி யூகி. சுருளில் வேலை செய்தது அந்தப் பூவிலிருந்த பைரெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி. புகை அதைச் சுமந்து போகும் வண்டி மட்டுமே. இன்றைய சுருளில் அதன் செயற்கை உறவுகள் இருக்கின்றன. ஆகவே "நான் ரசாயனம் பூச மாட்டேன், சுருள்தான் ஏற்றுவேன்" என்பவர் ரசாயனத்தைத் தோலில் போடாமல் நுரையீரலில் போடுகிறார். ஒரு சுருள் எரிந்து முடிவதற்குள் வெளிவிடும் நுண்துகள்கள் 75 முதல் 137 சிகரெட்டுகளுக்குச் சமம் என்று 2003-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. இதை வீட்டு ஹாலில் வைப்பதே யோசிக்க வேண்டிய காரியம். மூன்று பேர் நெருங்கிப் படுக்கும் டென்டுக்குள் ஏற்றி ஜிப்பையும் இழுத்துவிடுகிறார்கள். பாலியெஸ்டர் துணி, தூக்கத்தில் நீளும் கால், கனலும் நுனி. இதற்கு மேல் விளக்கம் வேண்டுமா? குளிருக்கும் கொசுவுக்கும் சேர்த்துக் கரியடுப்பை உள்ளே எடுத்துவைப்பது இன்னும் மோசம். கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது, தூங்கியவர் எழுந்திருப்பதில்லை.

காட்டைப் பற்றியும் பேச வேண்டும். காப்புக் காட்டில் தீ மூட்டுவது சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீ இருபதுக்கும் மேற்பட்ட மலையேறிகளைக் கொண்டுபோனது. அந்தத் தீ எப்படித் தொடங்கியது என்ற விவாதம் ஒரு பக்கம் இருக்கட்டும். கோடையில் காய்ந்த போதைப்புல் சரிவில் தீ எத்தனை வேகமாக ஓடும் என்பதை அன்று பார்த்த பிறகும், "கொசுவுக்காகச் சின்ன மூட்டம்தானே" என்று எப்படிச் சொல்கிறோம்?

இனி விஷம் என்ற குற்றச்சாட்டு. டீட்டை அமெரிக்க ராணுவத்துக்காக 1940-களில் உருவாக்கினார்கள்; 1957-இல் பொதுமக்கள் கைக்கு வந்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 1998-இலும் 2014-இலும் மீண்டும் ஆராய்ந்து, குறிப்பில் சொன்னபடி பூசினால் உடல்நலத்துக்குக் கவலையில்லை என்றது. நம் நாட்டிலும் குவாலியரில் உள்ள பாதுகாப்புத் துறை ஆய்வுக்கூடம் டி.இ.பி.ஏ. என்ற பூச்சு மருந்தை உருவாக்கியது. காட்டில் படுக்கும் சிப்பாய்க்கு வேப்பிலை மூட்டம் போதாது என்று அவர்களுக்குத் தெரியும். டீட்டுக்குக் குறைகள் உண்டு: மணம் பிடிக்காது, பிளாஸ்டிக்கையும் சில செயற்கைத் துணியையும் அரிக்கும், கண்ணில் பட்டால் எரியும். பிகாரிடின் என்ற இன்னொரு பூச்சு மருந்தில் இந்தத் தொந்தரவு குறைவு. 'இயற்கை'தான் வேண்டும் என்பவர்களுக்கு லெமன் யூகலிப்டஸிலிருந்து கிடைக்கும் பி.எம்.டி. இருக்கிறது, அது உண்மையிலேயே வேலை செய்கிறது, ஆனால் மூன்று வயதுக்குக் கீழுள்ள குழந்தைகளுக்கு ஆகாது. சாமந்திப் பூவிலிருந்து வந்த பைரெத்ரின் மீனைக் கொல்லும். இயற்கை, செயற்கை என்று கோடு போட்டு ஒரு பக்கத்தை அமுதமாகவும் மறுபக்கத்தை நஞ்சாகவும் பிரிக்க முடியாது. எது, எவ்வளவு, சோதித்தார்களா என்பதே கேள்வி.

"எங்க தாத்தா காலத்துல இதெல்லாம் ஏது? மூட்டம் போட்டுட்டுத் திண்ணையில படுத்தாங்க." இதுதான் கடைசி அஸ்திரம். அந்தக் காலத்தைக் கணக்கெடுத்தவர்கள் இருக்கிறார்கள். சுதந்திரம் கிடைத்த சமயத்தில் இந்தியாவில் ஆண்டுக்கு ஏழரைக் கோடிப் பேருக்கு மலேரியா வந்ததாகவும், எட்டு லட்சம் பேர் இறந்ததாகவும் மதிப்பீடு. அத்தனை வீட்டிலும் விறகடுப்பு புகைந்தது, அத்தனை தொழுவத்திலும் மூட்டம் இருந்தது. 1953-இல் தேசிய மலேரியாக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கிச் சுவரெல்லாம் டி.டி.டி. மருந்து அடித்த பிறகு, 1960-களின் நடுவில் நோயாளிகள் ஒரு லட்சமளவுக்குச் சரிந்தார்கள். டி.டி.டி.யின் பிற்காலச் சீர்கேடுகள் தனிக் கதை. ஆனால் தாத்தாவைக் காப்பாற்றியது மூட்டம் அல்ல. தப்பிய தாத்தாவின் பேரன்தான் இன்று தப்பிய கதையைச் சொல்கிறான். தப்பாதவருக்குச் சொல்லப் பேரன் இல்லை.

சரி, என்ன செய்வது? முதலில் இடம். ஓடைக்கும் மூங்கில் புதருக்கும் பக்கத்தில் அழகு இருக்கிறது, கொசுவும் இருக்கிறது. மணிக்கு 2 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும் பூச்சி அது. காற்றுள்ள மேட்டில் அதனால் நிலைத்துப் பறக்க முடியாது. மின்சாரம் உள்ள முகாமில் மேசைக்குக் கீழே ஒரு டேபிள் ஃபேன், ஒரு கூடை வேப்பிலையைவிட மேல். அடுத்தது உடை: வெளிர் நிறம், தொளதொள முழுக்கை, பேன்ட் நுனியைச் சாக்ஸுக்குள் செருகுவது. பார்க்க நன்றாக இருக்காது, பரவாயில்லை.

பூசும் மருந்தை வாசனைத் திரவியம்போல் இரண்டு இடத்தில் தொட்டு வைத்தால் பயனில்லை. விட்ட இடத்தைத்தான் கொசு தேடும். கணுக்கால், முழங்கை, பின்கழுத்து, காதோரம், செருப்பு வாருக்கு இடையிலுள்ள தோல் என்று விடாமல் தடவ வேண்டும். சன்ஸ்கிரீன் போடுவதாக இருந்தால் அது முதலில், இது பிறகு. உடைக்குள் பூச வேண்டாம். குழந்தைகளுக்குப் பெரியவர்கள் தம் கையில் எடுத்துத் தடவ வேண்டும். வாயில் வைக்கும் விரல்களை விட்டுவிட வேண்டும். இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு எந்தப் பூச்சும் வேண்டாம், வலை மட்டும்.

எல்லாவற்றுக்கும் மேல், வலை. புகையும் மணமும் கொசுவைப் போகச் சொல்லிக் கேட்டுக்கொள்கின்றன. வலை அனுமதி கேட்பதில்லை. டென்டின் வலைக் கதவைப் பொழுது சாய்வதற்கு முன்பே மூடிவிட வேண்டும். படுக்கும் முன் டார்ச் அடித்து மூலைகளைப் பார்க்க வேண்டும். வலையோடு தோள் ஒட்டிக் கிடந்தால் வெளியிலிருந்தே கடிக்கும், ஆகவே நடுவில் படுக்க வேண்டும்.

மிச்சம், முகாம் நடத்துபவர்களின் பொறுப்பு. வெட்டிய மூங்கில் குழிகளில் மண் நிரப்புவதும், தார்ப்பாய் மடிப்பிலும் தேங்காய்ச் சிரட்டையிலும் நிற்கும் தண்ணீரைக் கொட்டுவதும் நாள்தோறும் மூட்டம் போடுவதைவிடச் செலவு குறைந்த வேலைகள். படம் எடுக்க அழகாக இருக்காது என்பதால் யாரும் செய்வதில்லை. அடுத்த முறை முன்பதிவு செய்யும்போது, "கேம்ப் ஃபயர் உண்டா?" என்று கேட்பதற்கு முன், "டென்ட் வலை கிழியாம இருக்கா? ஜிப் முழுசா மூடுதா?" என்று கேளுங்கள். நாலு பேர் கேட்டால், ஐந்தாவது ஆள் வருவதற்குள் அவர்களே தைத்து வைத்துவிடுவார்கள்.